இரவல் கேள்வி

"எனக்கு ஒரு கேள்வி வேணும் மேடம்."

மண் ஆய்வுக்கூடத்து வாசலில் நின்றுகொண்டு இசக்கியம்மாள் இப்படித்தான் ஆரம்பித்தாள். வணக்கமும் இல்லை, உள்ளே வரலாமா என்ற பேச்சும் இல்லை.

வியாகுலமேரி மேடம் சல்லடையைத் தட்டிக்கொண்டிருந்தார். தட்டுவதை நிறுத்தவில்லை.

"எல்லாரும் பதில் வேணும்னு வருவாங்க. நீ என்னட்டி கேள்வி வேணும்னு வந்து நிக்க?"

"பதில் எல்லாம் இருக்கு மேடம். மனப்பாடம் பண்ணிட்டேன். கேள்விதான் இல்ல."

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். எங்கள் பொறியியல் கல்லூரியில் கடைசி வருடம் படித்த ஒருத்தரும் இதற்குச் சிரிக்க மாட்டார்கள்.

விஷயம் இதுதான். மறுநாள் காலையில் ஒரு மென்பொருள் கம்பெனி வருகிறது. அந்த வருடத்துக்கு அதுதான் கடைசி. அதற்கு மேல் கல்லூரிக்கு வந்தால் காக்காய்தான் வரும்.

கட்டடம் கட்டப் படித்தவளுக்கு மென்பொருள் கம்பெனியில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். அதை அந்தக் கம்பெனியே கேட்பதில்லை.

இன்டர்வியூ முடிகிற நேரத்தில் அவர்கள் ஒன்று சொல்வார்கள். "எங்களிடம் நீ ஏதாவது கேட்க விரும்புகிறாயா?"

அங்கேதான் வில்லங்கம்.

இல்லை என்று சொன்னால் போச்சு. ஆர்வம் இல்லாத பிள்ளை என்று எழுதிவிடுவார்கள். ப்ளேஸ்மென்ட் ஆபீசர் கோமதிநாயகம் சார் தலையில் அடித்துக்கொண்டு சொன்னது இது. "வாயுள்ள புள்ளதான் பொழைக்கும். ஒரு கேள்வியாவது கேட்டுத் தொலைங்க!"

இசக்கி முதல் இன்டர்வியூவில் என்ன செய்தாள் தெரியுமா? கம்பெனிக்காரர் அப்படிக் கேட்டதும் சடாரென்று எழுந்து நின்றாள். கையைக் கட்டினாள். "நோ டவுட்ஸ் சார்!" என்றாள்.

அவளைக் குற்றம் சொல்லி என்ன செய்ய? நாலு வருடமாக வகுப்பு முடிகிறபோதெல்லாம் "எனி டவுட்ஸ்?" என்று ஒரு குரல் வரும். டவுட் கேட்டால் வகுப்பு நீளும். வகுப்பு நீண்டால் காலேஜ் பஸ் போய்விடும். அதனால் அறுபது பேரும் ஒரே ராகத்தில் "நோ டவுட்ஸ்" என்போம். வாய் தானாகச் சொல்லும். இவள் வாயும் சொல்லிவிட்டது.

அதற்குப் பிறகு கோமதிநாயகம் சார் ஒரு கேள்வியைப் போர்டிலேயே எழுதிப் போட்டார். முதல் ஆறு மாதத்தில் என்னிடம் என்ன எதிர்பார்ப்பீர்கள்? அழகான கேள்விதான். அடுத்த கம்பெனியில் வரிசையாக எல்லோரும் அதையே கேட்டார்கள். இசக்கி முறை வந்து அவள் "முதல் ஆறு" என்று தொடங்கும்போதே, எதிரில் இருந்தவர் கொட்டாவி விட்டுக்கொண்டு மீதியை அவரே சொல்லி முடித்தார்.

அதுவும் போனது.

"நாளைக்குக் கிடைக்கலன்னா?" என்றார் மேடம்.

"பேச்சிக்குக் காலேஜ் கிடையாது."

பேச்சி அவள் தங்கை. ப்ளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள்.

"அக்காவுக்கு வேலை ஆனா நீ படி, இல்லன்னா ஜவுளிக்கடைக்குப் போன்னு அப்பா சொல்லிட்டாரு. கடையில சேலையும் குடுத்துட்டாங்க மேடம், யூனிபார்ம் சேலை. அவ அதைப் பிரிக்கவே மாட்டேங்கா. கட்டில்ல கிடக்கு."

மேடம் சல்லடையைக் கீழே வைத்தார்.

"அதுக்கு ஏன் என்கிட்ட வந்த?"

"காலேஜ்லயே கேள்வி நிறைய வச்சிருக்கிறது நீங்கதான்."

அது மெய். வியாகுலமேரி மேடம் வகுப்பில் பாடம் முடியாது. ஆற்றுமணலும் கடல்மணலும் ஒரே நிறமாக இருக்கும்போது ஏன் ஒன்றை வைத்து வீடு கட்டலாம், இன்னொன்றை வைத்துக் கட்டக்கூடாது என்று ஆரம்பிப்பார். மணி அடித்துவிடும். எங்களுக்கு அவரிடம் கேட்க ஒன்றே ஒன்றுதான் உண்டு. "இது பரீட்சைக்கு வருமா மேடம்?"

"சரி, உனக்கு என்ன தெரிஞ்சுக்கணும்?" என்றார் மேடம்.

"வேலை கிடைக்குமான்னு தெரிஞ்சுக்கணும்."

"அதையே அவருகிட்ட கேளேன்."

"அதைக் கேக்கக் கூடாதாம்."

"அப்ப அவங்க கம்பெனியைப் பத்தி வேற என்ன தெரிஞ்சுக்கணும் உனக்கு?"

இசக்கி யோசித்தாள். பாவம், மனசாரத்தான் யோசித்தாள். மேடமும் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார்.

"ஒண்ணும் தெரிஞ்சுக்க வேண்டாம் மேடம்."

"அப்ப உன்கிட்டக் கேள்வி இல்ல. போயிட்டு வா."

மேடம் மறுபடி சல்லடையை எடுத்தார். ஒரு தட்டுத் தட்டியிருப்பார். இசக்கி உள்ளே வந்து அதைப் பிடித்துக்கொண்டாள். மாணவி ஒருத்தி ஆசிரியர் கையில் இருக்கிற சாமானைப் பிடிப்பதென்றால் எங்கள் கல்லூரியில் அது சின்ன விஷயம் இல்லை. சல்லடையிலிருந்து மண் ரெண்டு பேர் காலிலும் கொட்டியது.

"உங்களுக்கு வேடிக்கையா இருக்கா? மண்ணு ஏன் வெடிக்கு, தண்ணி ஏன் கீழ போகுதுன்னு கேக்கதுக்கு உங்களுக்குச் சம்பளம் தாராங்க. நீங்க கேப்பீங்க. எங்க வீட்டுல ஆர்வத்தைப் போட்டு உலை வைக்க முடியாது மேடம். எனக்கும் முதல் வருசம் கேள்வி வந்துச்சு. பஸ்ஸு போயிரும், உக்காருட்டின்னு பின்னாடி இருந்து சடையைப் பிடிச்சு இழுத்தாளுவ. உக்காந்தேன். அப்பறம் வரல. இப்ப நாளைக்குக் காலையில வான்னா வருமா அது?"

அவளுக்குக் குரல் உடைந்துவிட்டது. அழவில்லை. சல்லடையையும் விடவில்லை.

மேடம் கோபப்படுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். கோபக்காரர்தான் அவர்.

"நீ சொல்றது சரிதான்," என்றார் மேடம். "நூத்துக்கு நூறு சரி. உன் கையில இருக்க அந்தத் தாளைக் குடு."

அது அவளுடைய பயோடேட்டா. நாளைக்குக் கொடுக்க வேண்டியது. புதுசாக அச்சடித்து, மடங்காமல் பிடித்து வந்திருந்தாள்.

"மேடம், அது ஒண்ணுதான் இருக்கு."

"குடுட்டி."

கொடுத்தாள்.

மேடம் ஸ்டூலை இழுத்துப் போட்டார். ஆய்வுக்கூடத்தின் நடுவில் ஒரு தூண் நிற்கும். நாங்கள் பை மாட்டுவோம், சாய்ந்து நிற்போம், ஒளிந்துகொண்டு போன் பார்ப்போம். மேடம் அந்தத் தூணருகே ஸ்டூலில் ஏறினார். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டார். பயோடேட்டாவைத் தூணின் உச்சிக்கும் கூரைக்கும் நடுவில் வைத்து, இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் உருவினார்.

தாள் முழுசாக வெளியே வந்தது.

இசக்கிக்கு ஒன்றும் ஓடவில்லை. "அது எப்படி மேடம்?"

"தூணு கூரையைத் தொடவே இல்ல. எதையும் தாங்கல. சும்மா நிக்கு."

"அப்ப எதுக்குக் கட்டுனாங்க?"

"தெரியாது. வரைபடத்துல இந்தத் தூணே கிடையாது. எடுத்துரலாமான்னு பிரின்சிபால்கிட்ட கேட்டேன். நிக்கது நிக்கட்டும், எதுக்கு வம்புன்னுட்டாரு. எனக்கு முன்னால இருந்தவங்களும் இதையேதான் கேட்டிருக்காங்க. அவங்களுக்கும் இதே பதில்தான். எடுத்தா ஒண்ணும் ஆகாதுன்னு எனக்குத் தெரியும். ஆனா எடுடான்னு ஒருத்தன் கடப்பாரையோட வந்தா, நானும் கொஞ்சம் தள்ளித்தான் நிப்பேன்."

மேடம் ஸ்டூலை விட்டு இறங்கவில்லை. அங்கே நின்றபடியே சொன்னார்.

"இது கட்டடம். கண்ணுக்குத் தெரியுது, அளந்து பாக்கலாம். அவங்க கம்ப்யூட்டர்ல கட்டுறாங்களே, அதுல இப்படி உண்டா? எதுக்கு இருக்குன்னு ஒருத்தருக்கும் தெரியாம, அழிக்கவும் பயந்துக்கிட்டு விட்டு வச்சிருக்க புரோகிராம் வரி ஏதாவது உண்டா? இருந்தா, யாராவது துணிஞ்சு எடுத்துப் பாத்தாங்களா? எடுத்தா என்ன ஆச்சு? எனக்கு ரொம்ப நாளா இது தெரியணும். கேக்க எனக்கு ஆள் இல்ல. நான் எங்க போயி கம்ப்யூட்டர்காரனைப் பிடிக்க?"

இசக்கி பையிலிருந்து பேனாவை எடுத்து உள்ளங்கையில் எழுதத் தொடங்கியிருந்தாள்.

"இதை நான் கேக்கட்டுமா மேடம்?"

"இது என் கேள்விட்டி."

"இரவலாக் குடுங்க."

மேடம் அவளைப் பார்த்தார். காலில் மண்ணோடு, கையை நீட்டி, மை காய ஊதிக்கொண்டு நின்றாள் அவள்.

"எடுத்துக்கோ," என்றார்.

மறுநாள் காலையில் கருத்தரங்கக் கூடத்துக்கு வெளியே நாற்பது நாற்காலி. எல்லோர் முகத்திலும் ஒரே பவுடர். இசக்கிக்கு அடுத்த நாற்காலியில் சங்கரேஸ்வரி இருந்தாள். ஒரே பஸ் சீட், ஒரே டப்பாச் சோறு. மூன்று வருடப் பழக்கம்.

"ஏட்டி, உன்கிட்ட புதுசா ஏதாவது கேள்வி இருக்கா?"

"இல்லயே."

"ஒண்ணும் இல்லயா?"

"இருந்தா தர மாட்டேனா?"

சொல்லிவிட்டு இசக்கி விரல்களை மடக்கிக்கொண்டாள். சங்கரேஸ்வரி அவளுக்கு முன்னால் உள்ளே போனாள். வெளியே வந்தபோது யாரையும் பார்க்கவில்லை. நேரே தண்ணீர்க் குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினாள், பவுடரெல்லாம் போகிற அளவுக்கு.

"இசக்கியம்மாள்!"

உள்ளே ரெண்டு பேர். நரைத்த தாடி வைத்த ஒருவர். பக்கத்தில் கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு பெண். தாடிக்காரர் முன்னால் மதிப்பெண் தாள் ஒன்று கிடந்தது. கையில் நீலப் பேனா.

அவர் கேட்டார், இவள் சொன்னாள். ஒன்று சரியாகச் சொன்னாள், ஒன்றை உளறினாள், ஒன்றுக்கு வாயே திறக்கவில்லை. தாடிக்காரர் பேனாவை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். தாளில் ஒன்றும் எழுதவில்லை. நல்லபடியாகவும் எழுதவில்லை, கெட்டபடியாகவும் எழுதவில்லை. அது எவ்வளவு கொடுமை என்று அந்த நாற்காலியில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

அந்தப் பெண் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"சரி," என்றார் தாடிக்காரர், அடுத்த பயோடேட்டாவை எடுத்துக்கொண்டே. "எங்களிடம் நீ ஏதாவது கேட்க விரும்புகிறாயா?"

இசக்கி கேட்டாள். ராத்திரி நூறு தடவை சொல்லிப் பார்த்த இங்கிலீஷ். ஒரு எழுத்து தப்பவில்லை. எங்கள் கல்லூரியில் ஒரு தூண் இருக்கிறது என்று ஆரம்பித்து, எடுத்துப் பார்த்தீர்களா என்று முடித்தாள்.

தாடிக்காரர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

இசக்கி பேனாவையே பார்த்தாள். கீழே வைத்துவிட்டாரே! இனி எழுத மாட்டாரோ? பேனா உருண்டது. உருண்டு மேசை விளிம்புக்கு வந்து நின்றது.

அவர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து பேசத் தொடங்கினார். கோமதிநாயகம் சார் சொல்லிக்கொடுத்தபடி இசக்கி கண்ணைப் பார்த்தாள், நடுநடுவே தலையை ஆட்டினாள், கொஞ்சமாகச் சிரித்தாள். தலையாட்டும்போதெல்லாம் ஓரக்கண்ணால் பேனாவைப் பார்த்தாள். அதை எடுக்க மாட்டாரா? எடுத்தார்! எடுத்து, மதிப்பெண் தாளில் எழுதாமல், அவளுடைய பயோடேட்டாவைத் திருப்பிப் போட்டு அதன் முதுகில் என்னவோ வரைந்தார். ஐயோ, கிறுக்கிவிட்டாரே! வேண்டும் என்று நினைத்தால் கிறுக்குவாரா? பயோடேட்டா போச்சு, நானும் போச்சு, பேச்சி சேலையைப் பிரிக்க வேண்டியதுதான்.

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். அவர் குரலைத் தாழ்த்தினார். அவள் முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டாள். பக்கத்திலிருந்த பெண் கடிகாரத்தை மறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் அவர் மதிப்பெண் தாளை இழுத்தார். ஒரே ஒரு வார்த்தை எழுதினார். தலைகீழாகத் தெரிந்த அந்த எழுத்தைப் படிக்க முயன்று இசக்கியின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"நன்றி," என்றார் அவர். "இப்படி ஒன்றை என்னிடம் யாரும் கேட்டதில்லை."

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பெயர்களை வாசித்தார்கள். நாலே நாலு பெயர். நாலாவது அவள்.

சங்கரேஸ்வரி பெயர் இல்லை.

இசக்கி மாடிப்படிக்கு ஓடி வீட்டுக்குப் போன் போட்டாள். பேச்சிதான் எடுத்தாள். "அந்தச் சேலையைத் திருப்பிக் குடுத்துரு," என்றாள் இசக்கி.  அந்தப் பக்கம் பேச்சி போட்ட கூச்சல் மாடிப்படியில் நின்ற எங்களுக்கெல்லாம் கேட்டது. வாயைப் பொத்திக்கொண்டு இசக்கி அழுதாள். பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கும் அழுகை வந்தது. அப்படிப்பட்ட சந்தோஷத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

கால் கிலோ அல்வா வாங்கிக்கொண்டு அவள் மண் ஆய்வுக்கூடத்துக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன், அல்வாவுக்காகத்தான்.

"கிடைச்சிருச்சு மேடம்!"

வியாகுலமேரி மேடம் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டார். "எனக்கேவா அல்வா குடுக்க?" என்று சொல்லிச் சிரித்தார். ஒரு துண்டைப் பிய்த்து எடுத்தார்.

"பேச்சி?"

"காலேஜ் போறா மேடம்!"

"நல்லாருக்கட்டும். கேள்வியைக் கேட்டியா?"

"கேட்டேன் மேடம். நீங்க சொன்னதை அப்படியே. அவரு அசந்துட்டாரு. இப்படி ஒண்ணை யாரும் கேட்டதில்லன்னாரு."

மேடம் அல்வாவை வாயில் போடவில்லை. ஸ்டூலை இழுத்து அவளுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். அத்தனை ஆசையான முகத்தை நாங்கள் அவரிடம் பார்த்ததில்லை. முன்வரிசையில் புதுசாகச் சேர்ந்த பிள்ளைக்கு இருக்குமே, அந்த மாதிரி.

"சொல்லு சொல்லு. இருக்காமா, அந்த மாதிரி வரி?"

"ரொம்ப நேரம் பேசுனாரு மேடம்."

"ம்."

"படமெல்லாம் போட்டுக் காமிச்சாரு."

"என்ன படம்?"

இசக்கி வாயைத் திறந்தாள். நீலப் பேனா. அதன் மூடியில் பல் பதிந்த தடம். மேசை விளிம்பில் அது வந்து நின்ற இடம். அந்தப் பெண்ணின் கடிகாரம். மதிப்பெண் தாளில் எழுதிய ஒரு வார்த்தை. எல்லாம் இருந்தது.

"எடுத்துப் பாத்தாங்களாமா?" என்றார் மேடம். "என்ன ஆச்சாம்?"

அல்வா மேடம் விரலிடுக்கில் வழிந்து கொண்டிருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. இசக்கியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இசக்கி அல்வாப் பொட்டலத்தை மேசையில் வைத்தாள். 

"மேடம்," என்றாள். "பதிலை நான் கேக்கல."